ராத்திரி மூணு மணிக்கு உதறிய கை

“ஏங்க... கொஞ்சம் எழுந்திருங்களேன். என் கை எங்கே இருக்குன்னே தெரியலை.”

நடுராத்திரி மூணு மணிக்கு இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் கலையாது? விளக்கைப் போட்டேன். கை அதே இடத்தில்தான் இருந்தது. வளைகாப்பு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஏழு மாத வயிற்றோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, பழைய பாதரச தெர்மாமீட்டரை நர்ஸ் உதறுவார்களே, அதுபோல வலது கையை உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தாள் என் மனைவி. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப் போய், உள்ளே ஊசி குத்துகிறதாம். சுண்டு விரலுக்கு மட்டும் ஒன்றுமில்லையாம்.

காலையில் குடும்ப மருத்துவ கவுன்சில் கூடியது. “வாயுதான். உருளைக்கிழங்கைத் தொடாதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்” என்றார் மாமியார். அந்த வாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமும் கேட்டோம். கையைப் பார்க்கக்கூட இல்லை. “பிரசவம் ஆனா தானா போயிடும்மா” என்று ஒரே வரி. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம். அறுபது ராத்திரி!

கடைசியில் வழி காட்டியது எங்கள் பக்கத்துத் தெரு ஃபிசியோதெரபிஸ்ட் அம்மா. மனைவியை மல்லாக்கப் படுக்க வைக்காமல், நாற்காலியில் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்தார். மணிக்கட்டைத் தன் இரண்டு கட்டை விரல்களாலும் பிடித்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன எலும்புகளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினார். உள்ளங்கையின் அடிப்பாகத்தை இரண்டு பக்கமும் இழுத்து விரித்துவிட்டார். அப்புறம் முழங்கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி... இருபது நிமிடம். ராத்திரி போட்டுக்கொள்ள ஒரு மணிக்கட்டுப் பட்டை. ஒரு சிட்டிங்குக்கு நூற்றைம்பது ரூபாய்.

“இதையெல்லாம் யாரும்மா கண்டுபிடிச்சாங்க?” என்று சும்மா கேட்டு வைத்தேன். “அது பெரிய கதை சார்” என்று சிரித்தார். பெரிய கதை என்று யாராவது சொன்னால் நமக்குத்தான் இருப்புக் கொள்ளாதே! தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே பெரிய கதைதான். ஒன்றரை நூற்றாண்டுக் கதை.

முதலில் கைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் கதை புரியும்.

உங்கள் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே எட்டு குட்டி எலும்புகள் ஒரு தொட்டி மாதிரி வளைந்து உட்கார்ந்திருக்கின்றன. தொட்டிக்கு மேலே மூடி போட்டதுபோல ஒரு தடித்த தசைநார்ப் பட்டை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் குகைக்குத்தான் ‘கார்ப்பல் டன்னல்’ என்று பெயர். விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்கள் அந்தக் குகை வழியாகப் போகின்றன. பத்தாவதாக ஒரு நரம்பு. மீடியன் நரம்பு. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரலில் பாதி... இவற்றின் உணர்ச்சியெல்லாம் இந்த ஒரே நரம்பின் கணக்கில் வருகிறது. சுண்டு விரல் வேறு நரம்பின் கணக்கு. அதனால்தான் அதற்கு ஒன்றுமில்லை.

குகையின் சுவர் எலும்பு, கூரை நார். இரண்டும் விட்டுக் கொடுக்காது. உள்ளே கொஞ்சம் நீர் கோத்தாலும் நசுங்குவது நரம்புதான். கர்ப்ப காலத்திலோ உடம்பில் ஆறிலிருந்து எட்டு லிட்டர் வரை நீர் கூடுதலாகத் தேங்குகிறது. மோதிரம் இறுகுகிறது, செருப்பு போதவில்லை. வெளியே தெரிகிற வீக்கம் இது. குகைக்குள் நடப்பது வெளியே தெரியாது. ராத்திரி தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி கதை.

லண்டனில் செயின்ட் பர்த்தலோமியூ மருத்துவமனை என்று ஒன்று. அங்கே ஜேம்ஸ் பேஜட் என்று ஒரு பெரிய சர்ஜன். விக்டோரியா மகாராணிக்கே வைத்தியம் பார்த்தவர். 1853-54 வாக்கில் அச்சான இவருடைய சொற்பொழிவுத் தொகுப்பில் ஒரு நோயாளி வருகிறார். மணிக்கட்டு எலும்பு முறிந்து, கோணலாகக் கூடிவிட்ட ஆள். கூடிய எலும்பு மீடியன் நரம்பை அழுத்துகிறது. கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் புண். என்ன மருந்து போட்டும் ஆறவில்லை. கடைசியில், நரம்பின் மேல் அழுத்தம் விழாதபடி மணிக்கட்டை வளைத்துக் கட்டிப்போட்டார்கள். புண் ஆறிவிட்டது. கட்டை அவிழ்த்து அந்த ஆள் வேலைக்குப் போனதும் மறுபடி புண்!

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதைப் பற்றிய முதல் குறிப்பு என்று மருத்துவ வரலாற்றில் சொல்லப்படுவது இதுதான். அந்த முதல் குறிப்பிலேயே வைத்தியமும் இருக்கிறது. கத்தியும் இல்லை, மாத்திரையும் இல்லை. வெறும் கட்டு. என் மனைவி ராத்திரி போட்டுக்கொண்ட பட்டைக்கு இதுதான் கொள்ளுத் தாத்தா.

ஆனால் இந்த விஷயத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. எலும்பு முறிந்தவனுக்கு வந்த நோய் என்று விட்டுவிட்டார்கள். எலும்பே முறியாமல் ராத்திரியில் கை மரத்து எழுந்து உட்காருகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

1880-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் என்ற நரம்பியல் டாக்டர் முப்பத்தேழு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலோர் பெண்கள். ராத்திரியில் அல்லது விடியற்காலையில் கை மரக்கிறது. கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால், உதறினால், நெடுநேரம் தேய்த்துவிட்டால் சரியாகிறது. இத்தனையும் புட்னம் குறித்து வைத்திருக்கிறார். அப்படியே எங்கள் வீட்டு மூணு மணி! ஆனால் காரணம் என்று வந்தபோது, ரத்தக் குழாய்கள் சுருங்கி விரிவதில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. மாமியாரின் வாயுவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் மேக்கப். அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து, அதே லண்டன் பர்த்தலோமியூ மருத்துவமனை வெளியீட்டில் ஜோசப் ஆர்மரோட் என்ற டாக்டர் இதே தொல்லையை எழுதினார். அவர் பார்த்தவர்களும் பெண்கள்தான். மாதவிடாய் நிற்கிற வயதுக்காரர்கள். பேஜட் வேலை பார்த்த அதே கட்டடம், அதே நரம்பு. ஆனாலும் பேஜட்டின் மணிக்கட்டு அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. 1893-ல் ஃபிரெடரிக் ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ‘அக்ரோபரஸ்தீசியா’. கிரேக்கத்திலிருந்து எடுத்த இந்தப் பெயருக்குக் கை கால் நுனிகளில் மரமரப்பு என்று அர்த்தம். நோயாளி சொன்னதையே கிரேக்கத்தில் திருப்பிச் சொல்லிவிட்டால் அது டயக்னோசிஸ்!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பார்கள். வருடக் கடைசியில் எப்படியும் காரணத்தைக் கண்டுபிடித்து நேர் செய்தாக வேண்டும். பெண்களின் இந்த ராத்திரி வலியை டாக்டர்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டார்கள். ஆனால் ஐம்பது அறுபது வருடம் நேர் செய்யவே இல்லை. மாதவிடாய் நிற்கிற வயது, நரம்புத் தளர்ச்சி, துணி துவைக்கிற கை, தையல் வேலை என்று ஆளுக்கொரு காரணம்.

அதைவிடக் கொடுமை அடுத்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பிரச்னை கழுத்தில் இருக்கிறது என்ற எண்ணம் பரவியது. கழுத்தடியில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கிறது, அல்லது முதல் விலா எலும்பு நரம்பை அழுத்துகிறது என்று சொல்லி கழுத்துப் பக்கம் ஆபரேஷன் செய்தார்கள். வலி மணிக்கட்டில், கத்தி கழுத்தில்.

நடுவில் ஒரு நல்ல வாய்ப்பு வந்து நழுவியது. 1913-ல் பாரீஸில் பியர் மரி, சார்ல் ஃப்வா என்ற இரண்டு டாக்டர்கள், இறந்துபோன எண்பது வயது நோயாளி ஒருவரின் கையைப் பிரித்துப் பார்த்தார்கள். கட்டை விரலின் அடிச் சதை வற்றியிருந்தது. மீடியன் நரம்பு குகை வாசலில் முடிச்சுப் போல வீங்கியிருந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தக் கூரை நாரை வெட்டிவிட்டாலே போதுமே என்றும் எழுதினார்கள். எவ்வளவு தெளிவு! அடுத்த வருடம் உலகப் போர் வந்துவிட்டது. அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை.

கணக்கு ஒருவழியாக நேரானது 1947-ல். ‘லான்செட்’ பத்திரிகையில் ரஸ்ஸல் பிரெய்ன், டிக்ஸன் ரைட், மார்ஷியா வில்கின்ஸன் மூவரும் ஆறு நோயாளிகளின் கதையை வெளியிட்டார்கள். (நரம்பு டாக்டருக்கு பிரெய்ன் என்றே பெயர்!) ஆறு பேரும் பெண்கள். கூரையை வெட்டித் திறந்தார்கள், வலி போயிற்று. அதன் பிறகு அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபேலன் இதை ஊரறியச் செய்தார். மணிக்கட்டை முழுக்க மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மரமரப்பு வருகிறதா என்று பார்க்கிற ‘ஃபேலன் டெஸ்ட்’ இவர் பெயரில்தான் இருக்கிறது. 1966-ல் 654 கைகளைப் பற்றிய தன் பதினேழு வருட அனுபவத்தை எழுதினார். கைகளை எண்ணினார் பாருங்கள், ஆட்களை அல்ல. பலருக்கு இரண்டு கையிலும் இருந்ததால் அப்படி.

இத்தனை வருடங்களில் அந்த உதறல் என்ன ஆனது? அதற்கும் ஒரு நாள் வந்தது. 1984-ல் கனடாவைச் சேர்ந்த வில்லியம் பிரைஸ்-ஃபிலிப்ஸ் என்ற நரம்பியல் டாக்டர் நோயாளிகளிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார். “வலி அதிகமாகும்போது கையை என்ன செய்வீர்கள்?” பெரும்பாலோர் பதில் சொல்லவில்லை, உதறிக் காட்டினார்கள். நோய் உறுதியானவர்களில் 93 சதவிகிதம் பேர் இப்படி உதறியதாக அவர் எழுதினார். பின்னால் வந்தவர்களின் ஆய்வுகளில் சதவிகிதம் இந்த அளவுக்கு உசரவில்லை. போகட்டும். ‘ஃப்ளிக் சைன்’ என்று பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு இடம் கிடைத்தது. புட்னமின் நோயாளிகள் உதறிக் காட்டியதற்கும் இதற்கும் இடையே 104 வருடம்!

சரி, கத்தி ஜெயித்துவிட்டது. கர்ப்பிணிக்கு என்ன செய்வது?

ஏழு மாத வயிற்றோடு இருப்பவளை, ரொம்ப அவசியம் இல்லாவிட்டால், ஆபரேஷன் தியேட்டருக்கு யாரும் அழைத்துப் போக மாட்டார்கள். வலி மாத்திரைகளில் பல அவளுக்கு ஆகாது. ஊசி போடலாம்தான், அதற்கும் பலர் தயங்குவார்கள். ஆக, மிஞ்சுவது கட்டும் கையும். கட்டின் கதையை பேஜட்டிடம் பார்த்துவிட்டோம். கையின் கதையும், ஆச்சரியம் பாருங்கள், அவரிடமே வந்து நிற்கிறது.

கையால் எலும்பைப் பிடித்துச் சரி செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நமக்குப் புத்தூர் கட்டு மாதிரி இங்கிலாந்தில் ‘போன் செட்டர்’கள். அவர்களில் பெரிய புகழ் அடைந்தவர் ஒரு பெண்மணி. எப்ஸம் ஊரைச் சேர்ந்த சாரா மேப். 1730-களில் குதிரை வண்டியில் லண்டனுக்கு வந்து காப்பிக் கிளப்பில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பாராம். வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் போலி வைத்தியர்களைக் கிண்டலடித்து வரைந்த படத்தில் இந்த அம்மாவுக்கு நடுநாயகமாக இடம் கொடுத்தார். படித்த டாக்டர்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது.

ஆனால் பேஜட் வேறு ரகம். 1867-ல் தன் மாணவர்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தலைப்பு என்ன தெரியுமா? போன் செட்டர்கள் குணமாக்குகிற கேஸ்கள்! நீங்கள் கைவிட்ட ஒருவரை அவன் குணமாக்கிவிட்டால் அவன் பிழைத்தான், உங்கள் பெயர் கெட்டது. அதனால் அவனிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விட்டுவிடுங்கள் என்கிற பாணியில் போகிறது அந்தச் சொற்பொழிவு. மகாராணியின் சர்ஜன் இப்படிப் பேசுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். நரம்பு நசுங்குவதை முதலில் எழுதியவரும், கை வைத்தியத்தை மதிக்கச் சொன்னவரும் ஒரே மனிதர். ஆனால் இரண்டையும் ஒன்று சேர்க்க அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் அடுத்த நூறு வருடம் தோன்றவில்லை.

அடுத்த காட்சியில் இன்னொரு பேஜட். ரோசலிண்ட் பேஜட்.

1894-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், லண்டன் மசாஜ் நிலையங்கள் பலவற்றின் கதவுக்குப் பின்னால் நடப்பது வேறு என்று பரபரப்பாக எழுதித் தள்ளியது. நேர்மையாக மசாஜ் செய்து பிழைத்த நர்ஸுகளுக்குத் தலைகுனிவு. அவர்களில் நான்கு பேர் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். டாக்டர் சொன்னால்தான் மசாஜ். பொதுவாக ஆண்களுக்குக் கிடையாது. மருத்துவப் பத்திரிகைகளில் தவிர விளம்பரம் கூடாது. மருந்து விற்கக் கூடாது. இப்படிக் கறாரான சட்டதிட்டங்கள். அந்தச் சங்கம்தான் வளர்ந்து, பெயர் மாறி, 1944-ல் பிரிட்டனின் ஃபிசியோதெரபி சங்கம் ஆனது. இன்று நம்மூர் போர்டில் பார்க்கிற ஃபிசியோதெரபி என்ற தொழிலின் ஒரு முக்கியமான வேர் அந்த நால்வர்.

நால்வரில் ஒருவர் ரோசலிண்ட் பேஜட். இவர் நர்ஸ் மட்டுமல்ல, பிரசவம் பார்க்கும் மிட்வைஃப். மிட்வைஃப்களுக்கு முறையான பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று போராடி, 1902-ல் சட்டம் வரக் காரணமானவர்களில் ஒருவர். ஆக, கை வைத்தியத்தைத் தொழிலாக்கியவர்களில் ஒருவருக்குக் கர்ப்பிணிகளின் உடம்பு அத்துப்படி. அதே வழியில் பின்னால் வந்த மின்னி ராண்டெல், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கான உடற்பயிற்சிகளை வகுத்தார். ஆனால் அப்போது கவனம் முழுவதும் இடுப்பு, முதுகு, வயிறு, மூச்சு. மணிக்கட்டின் ரகசியம்தான் 1947 வரை வெளியே வரவில்லையே!

வந்த பிறகாவது? 1957-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழ் ஒன்றில் கர்ப்ப கால கார்ப்பல் டன்னல் பற்றி ஒரு கட்டுரை. எத்தனை பேரைப் பற்றி? இரண்டே இரண்டு பேர். எத்தனை தலைமுறையாக எத்தனை லட்சம் பெண்கள் எழுந்து உட்கார்ந்து உதறியிருப்பார்கள்!

எழுபதுகளின் கடைசியில்தான் கை வைத்தியத்துக்குப் புது யோசனை பிறந்தது, ஆஸ்திரேலியாவில். பெர்த் நகரத்து ஃபிசியோதெரபிஸ்ட் ராபர்ட் எல்வி, கையைக் குறிப்பிட்ட விதமாக நீட்டி, கழுத்தைச் சாய்த்து, கை நரம்புகள் எங்கே சிக்குகின்றன என்று பார்க்க ஒரு சோதனையை உருவாக்கினார். அடிலெய்டைச் சேர்ந்த டேவிட் பட்லர் அதை வளர்த்து 1991-ல் புத்தகமே போட்டார். சைக்கிள் பிரேக் ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு உறை, உள்ளே கம்பி. பிரேக் பிடித்தால் கம்பி உறைக்குள் வழுக்கிப் போக வேண்டும். நரம்பும் அப்படித்தான். முழங்கையை நீட்டும்போதும் மணிக்கட்டைப் பின்னால் வளைக்கும்போதும் மீடியன் நரம்பு குகைக்குள் வழுக்கி நகர்கிறது. எங்கேயாவது ஒட்டிக்கொண்டாலோ வீங்கினாலோ நகர்வு குறைகிறது. பக்கத்துத் தெரு அம்மா முழங்கையை நீட்டி மடக்கியது இந்தக் கம்பியை நகர்த்திவிடத்தான்.

குகைக்குள் இருக்கும் அழுத்தத்தைக்கூட அளந்து பார்த்துவிட்டார்கள். 1981-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கெல்பர்மன் குழுவினர் நோயாளிகளின் குகைக்குள் மெல்லிய குழாயைச் செருகி அளந்தார்கள். நோய் இல்லாதவர்களுக்கு மணிக்கட்டு நேராக இருக்கும்போது சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம். நோயாளிகளுக்கு 32. மணிக்கட்டை முன்னால் மடக்கினால் நோயாளிகளுக்கு 94, பின்னால் வளைத்தால் 110! ராத்திரிப் பட்டை மணிக்கட்டை நேராக வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

எலும்பை நகர்த்துவதும் நரம்பை வழுக்க விடுவதும் நிஜமாகவே பலன் தருகிறதா? பில்லைப் பார்க்காமல் வவுச்சரில் கையெழுத்துப் போடாதவன் நான். அதனால் அதையும் தேடினேன்.

1998-ல் அமெரிக்காவில் 240 கைகளைப் பற்றி ஒரு கணக்கு வெளியானது. நரம்பும் தசைநாணும் வழுக்கும் பயிற்சிகளைச் செய்யாதவர்களில் 71 சதவிகிதத்தினர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள். செய்தவர்களில் 43 சதவிகிதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை என்பதால் இதை அப்படியே நம்பிவிட முடியாது. 2000-ல் பிரிட்டனில் 21 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு சின்ன ஆய்வு. ஒரு பிரிவுக்கு மணிக்கட்டு எலும்பை நகர்த்தினார்கள், ஒரு பிரிவுக்கு நரம்பை, ஒரு பிரிவுக்கு ஒன்றுமே செய்யவில்லை. கை வைத்த இரு பிரிவுக்கும் வலி குறைந்தது. எது உசத்தி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2012-ல் ‘காக்ரன்’ என்ற அமைப்பு இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு, ஆதாரம் பலவீனம் என்று உதட்டைப் பிதுக்கியது.

2015-ல் ஸ்பெயினிலிருந்து வந்ததுதான் பெரிய செய்தி. செஸர் ஃபெர்னாண்டஸ் தெ லாஸ் பெனாஸ் குழுவினர் 120 பெண்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷன். இன்னொரு பாதிக்குக் கை வைத்தியம், கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை. முதல் மாதத்திலும் மூன்றாவது மாதத்திலும் கை வைத்தியம் பெற்றவர்கள் முன்னே நின்றார்கள். ஆறாவது மாதத்திலும் ஒரு வருடத்திலும் இருதரப்பும் ஏறக்குறைய சமம். கத்திக்குச் சமமாகக் கை!

சந்தோஷமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். இன்ஷூரன்ஸ் பாலிசியானாலும் சரி, ஆராய்ச்சியானாலும் சரி, பொடி எழுத்தைப் படிப்பேன். ஆய்வில் யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்று ஒரு பட்டியல் இருந்தது. சர்க்கரை நோய், தைராய்டு, முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்... அந்த வரிசையில் கர்ப்பிணிகள்.

பெண்களுக்காகவே நடத்திய ஆய்வு. அதிலும் அவர்களுக்கு இடமில்லை. இந்த ஆய்வு என்றில்லை, இந்த நோய் பற்றிய பெரும்பாலான சோதனைகளில் இதே கதைதான். காரணம் புரிகிறது. அவர்களுடைய வலி நீரால் வருவது, தானாகவும் வடியும். எந்த வைத்தியம் செய்தாலும், ‘பார்த்தீர்களா, சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிடலாம். கணக்கு குழம்பும். புது மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்பதும் நியாயம். தாலிடோமைட் மாத்திரையின் விபரீதம் 1961-ல் வெளியே வந்ததிலிருந்து உலகமே அந்த விஷயத்தில் சூடு கண்ட பூனை. ஆனால் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துவிடுவது மருந்தா? கத்தி ஆகாது, மாத்திரை ஆகாது, கை ஒன்றுதான் மிச்சம் என்றிருப்பவளை வைத்தல்லவா அந்தக் கை வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்! குழம்பும் கணக்கைத் தனிப் பேரேடு போட்டு எழுத முடியாதா?

தானாகப் போய்விடும் என்ற வாக்குறுதி என்ன ஆனது என்றும் பார்த்துவிடுவோம். இத்தாலியில் லூகா பதுவா என்ற நரம்பியல் டாக்டரின் குழுவினர் இதையே பல வருடம் துரத்தியவர்கள். 2010-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு வலி குறைகிறது, உண்மைதான். ஆனால் ஒரு வருடம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ கொஞ்சம் தொந்தரவு இருக்கிறது. மூன்று வருடம் கழித்தும் 30 சதவிகிதம் பேருக்கு. சிலருக்குத் தாய்ப்பால் கொடுக்கும்போதுதான் தொல்லையே ஆரம்பிக்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கட்டை விரல் பலமிழந்து டம்ளர் நழுவுகிறது, மரமரப்பு பகலிலும் போகவே இல்லை என்றால் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். அதேபோல கையும் முகமும் திடீரென்று வீங்கி, தலைவலி, கண் மங்கல் என்று வந்தால் அது மணிக்கட்டு சமாசாரமே இல்லை. ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

என் மனைவிக்கு ஐந்தாவது சிட்டிங்குக்குப் பிறகு தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்க முடிந்தது. பிடித்துவிட்டதாலா, பட்டையாலா, பக்கத்துத் தெரு அம்மா தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து அவள் சொன்னதைக் கேட்டதாலா, நான் சொல்ல முடியாது. பையன் பிறந்து இரண்டு வாரத்தில் வலது கை சரியாகிவிட்டது. இடது கை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பால் கொடுக்க அவனை ஏந்தும்போதெல்லாம் விரல் மரக்கும். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை இறக்கி இரண்டு உதறு உதறுவாள். அதைப் பார்த்துப் பார்த்து, பேச்சு வருவதற்கு முன்பே பையன் ஒரு வேலை கற்றுக்கொண்டான். அம்மா கையை இறக்கினால், தன் குட்டிக் கையையும் நீட்டி உதறுவான்.